இன்னாருடைய அம்மா

மருத்துவிச்சி கேட்டது ஒரு சின்னக் கேள்விதான். பிள்ளைக்கு என்ன பெயர்? குரலைத் தணித்து, என் கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் வாய் திறக்கும் முன்பே அவர் "பெயர் இல்லை மதாம்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டார். அவள் இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். கை கழுவும் முறை. முதலில் உள்ளங்கை, பிறகு விரலிடுக்கு, கடைசியில் பெருவிரல். எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோன மகள், பிறந்து, வெள்ளைத் துவாயில் சுற்றப்பட்டு என் பக்கத்தில் கிடந்தாள். மருத்துவிச்சி எதையோ எழுதிவிட்டு, பிறகு மனம் மாறினாலும் பரவாயில்லை, எப்போது வேண்டுமென்றாலும் பெயர் வைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு அழுகை வரவில்லை. ஒரு நாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் குமுறி அழுதேன் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி உடம்பு முழுக்க இருந்தது. தொடுவது தெரியும். ஆனால் அந்தக் கன்னம் வேறு யாருடையதோ. சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன், உடுப்புத் தோய்த்தேன். பால் வற்றுவதற்குக் குளிசை தந்திருந்தார்கள், அதையும் நேரத்துக்குப் போட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் விறைத்துப் போகாமல் கிடந்தது. என்னிடம் ஒரு பெயர் இருந்தது. பிறக்க முன்னம் பிள்ளைக்குப் பெயர் சொல்லக்கூடாது என்பது எங்கள் வழக்கம். பிறந்த நேரம் குறித்து, நட்சத்திரம் பார்த்து, சாத்திரியார் எழுத்துச் சொல்லி, பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்குக் கழிகிற முப்பத்தோராம் நாளில்தான் காதுக்குள் சொல்லவேண்டும். நான் யாருக்கும் சொல்லவில்லை. பாரிஸில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா ஷப்பலில் மரக்கறிக் கடை ஒன்றில் கல்லாவில் வேலை எனக்கு. முருங்கைக்காயையும் கத்தரிக்காயையும் நிறுத்துக்கொண்டே அந்தப் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். வயிற்றுக்குள் இருந்தவள் உதைப்பாள். அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நானாக நினைத்துக்கொள்வேன். அவளுக்கு அந்தப் பெயர் போய்ச் சேரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அச்சில் வருவதற்காக வைத்த பெயரில்லை அது.

பெயர் வேண்டாம் என்பது என் கணவருடைய சொந்த முடிவு என்று நான் அன்றைக்கும் நம்பவில்லை. பொபினியில் இருக்கும் அவருடைய அக்கா, எனக்கு மச்சாள், அவர்தான் தொலைபேசியில் சொல்லியிருந்தார். எனக்கும் நேரே சொன்னார்.

"பேர் கீர் எண்டு ஒண்டும் வையாதை. பேர் வைச்சால் அது பிள்ளையாப் போயிடும். பேந்து மறக்கேலாது உனக்கு."

"மறக்கச் சொல்லி ஆர் கேட்டது மச்சாள்?"

"விசர்க்கதை கதையாதை. உடம்பைத் தேத்திக்கொண்டு அடுத்ததைப் பார்."

அடுத்ததைப் பார்க்கவாம்! பஸ்ஸைத் தவறவிட்டவளுக்குச் சொல்வது போல. மச்சாள் கெட்டவர் இல்லை. எனக்காக மூன்று நேரமும் சமைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தவர். ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்த நாட்களில் என் உடம்புக்குள் வந்த ஒரே உணர்ச்சி அதுதான். அதையும் விட்டுவிடக்கூடாது என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

என் கணவரிடம் கோபப்படக்கூட முடியவில்லை. அவர் ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறவர். மத்தியானம் ஒரு முறை வேலை, இடையில் இரண்டொரு மணித்தியால ஓய்வு, பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு மறுபடி. முன்பெல்லாம் அந்த இடைவேளையில் எங்காவது தேத்தண்ணி குடித்துக்கொண்டு கூட்டாளிகளோடு நிற்பார். பிள்ளை போனபின் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருப்பார். நானும் இருப்பேன். நேரம் வந்ததும் எழும்பிப் போவார். வாய்க்குள் கொழுக்கட்டை வைத்திருக்கிறவர்களைப் போல இருந்தோம் இருவரும்.

தெருவில் இறங்கினால் அதைவிட மோசம். லா ஷப்பலில் யாருக்கு என்ன நடந்தாலும் மெத்ரோ வந்து சேருவதற்கு முன் செய்தி வந்து சேர்ந்துவிடும். கடைக்கு வருகிற பெண்கள் "சுகமோ?" என்பார்கள். கண் என் வயிற்றுக்குப் போகும், உடனே தக்காளிப் பெட்டிக்குப் போகும். பிறகு தக்காளியைப் பற்றியே கதைப்பார்கள். எங்கள் சனத்தில் பிள்ளை பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. இன்னாருடைய அம்மா, இன்னாருடைய அம்மா என்றுதான் கூப்பிடுவது. கல்லாவில் நின்று ஒவ்வொருத்தியையும் நானும் அப்படித்தான் கூப்பிட்டு மிச்சக்காசு கொடுத்திருக்கிறேன். எட்டு மாதமும் அந்தக் கூப்பிடலுக்காகத்தான் காத்திருந்தேன் என்பது அது இல்லையென்று ஆனபிறகுதான் தெரிந்தது.

எங்களுக்கு மேல் மாடியில் நைஜீரியப் பெண் ஒருத்தி இருந்தாள். எங்கள் வீட்டுக் கட்டடத்தில் லிப்ட் இல்லை. அவளுடைய வயிறும் என்னுடைய வயிறும் ஒன்றாகத்தான் படியேறின. படித் திருப்பத்தில் மூச்சு வாங்க நிற்கும்போது பழக்கமானோம். அவளுடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் ஒன்றுக்கொன்று நொண்டி. இடைக்கிடை இங்கிலீஷைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வோம். எங்கள் ஆட்கள் அவளை "ஆபிரிக்காக்காரி" என்பார்கள். மற்ற ஆபிரிக்கர்கள் அவளை வேறு என்னவோ இனம் என்று நினைப்பார்கள். அவள் விடமாட்டாள். "நான் க்பாகி" என்பாள். ககரத்தையும் பகரத்தையும் ஒரே மூச்சில் சொல்லவேண்டும். என் வாயில் கடைசிவரை வரவில்லை. ஊரில் மற்றவர்கள் தங்களைக் குவாரி என்று கூப்பிடுவார்களாம், அது தங்களுக்குப் பிடிக்காதாம். தெருவில் போகிறவனெல்லாம் என்னை இந்தியாக்காரி என்று சொல்ல, இல்லையப்பா, நான் இலங்கை என்று சொல்லிச் சொல்லிக் களைத்தவள் நான். அவளை எனக்கு உடனே பிடித்துவிட்டது. நாட்டின் தலைநகரத்தைக் கட்டுவதற்குத் தங்கள் சனத்தின் காணிகளைத்தான் எடுத்தார்கள் என்றும் ஒரு நாள் சொன்னாள். காணி போன கதையை எனக்கு விளங்கப்படுத்த வேண்டுமா என்ன.

எங்கள் கடையில் அரிசி வாங்கினால் மூட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போவாள். தலையில் வைக்கமாட்டாள். தலை உடம்புக்கு ராசா, ராசாவின்மேல் சுமை ஏற்றுவதில்லை என்பாள். வயிற்றோடு மூட்டையைத் தூக்குகிறாளே என்று கடைக்காரர் பதறுவார். "உமக்கென்ன அண்ணை, தூக்கிறது அவள்" என்று நான் சிரிப்பேன். அப்போது சிரிப்பு வந்தது.

எனக்கு நடந்தபின் கொஞ்ச நாளில் அவளுக்கும் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. மேலே அது அழுவது எங்கள் குசினிக்குள் கேட்கும். கேட்டவுடன் என் சட்டை நனையும். குளிசை போட்டும் என் உடம்புக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. நான் சட்டையை மாற்றிக்கொண்டு வெங்காயத்தை வெட்டி முடிப்பேன். அதில் வருத்தம்கூட இல்லை. குழாய் ஒழுகுவது போலத்தான் இருந்தது.

ஒரு காலையில் அவளுடைய புருஷன் வந்து கதவைத் தட்டினான். லா கூர்னெவில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை செய்கிறவன், கண் இரண்டும் சிவந்திருந்தது. பெரிய பானை இருந்தால் தரமுடியுமா என்று கேட்டான். பிள்ளை பெற்றவளை நல்ல சுடுதண்ணீரில் தோய வார்க்கவேண்டுமாம். குளியலறைச் சுடுதண்ணீர் அரைவாசியிலேயே குளிர்ந்துவிடுகிறதாம். ஊரென்றால் வார்ப்பதற்கு ஆட்கள் இருப்பார்கள், இங்கே யார் இருக்கிறார்கள் என்றான்.

பானை இருந்தது. நொச்சி இலை போட்டு அவித்து எனக்கு வார்ப்பதற்கென்று என் அம்மா சொல்லி, மச்சாள் வாங்கிவைத்த பானை. ஒட்டியிருந்த விலைத்தாள்கூடக் கிழிக்கப்படவில்லை. அதைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் அந்த மனிதனுக்கு அடுப்பிலிருந்து பானையை இறக்கத் தெரியுமோ தெரியாது என்று ஒரு யோசனை வந்தது. நானே கொண்டு ஏறினேன். நானே வார்த்தேன். முதுகிலும் இடுப்பிலும் துவாயை நனைத்து நனைத்து ஒற்றினேன். அவள் சூடு தாங்காமல் தன் பாசையில் என்னைத் திட்டினாள். திட்டினாள் என்று எனக்கு விளங்கியது, எங்கள் பெண்களும் அந்த இடத்தில் அப்படித்தான் திட்டுவார்கள். பிள்ளை கட்டிலில் கிடந்தது. அதன் பக்கம் நான் போகவில்லை. அவளும் தூக்கச் சொல்லவில்லை.

அடுத்த நாளும் போனேன். அம்மா ஊரிலிருந்து அனுப்பியிருந்த பிள்ளைப்பெற்ற சரக்கு அலுமாரியில் அப்படியே கிடந்தது. மிளகும் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் இன்னும் என்னென்னவோ வறுத்து இடித்த தூள். அதைப் போட்டு ஒரு கோழிக்கறி வைத்துக்கொண்டு போனேன். அவள் இறுங்குச் சோள மாவில் மிளகு தூக்கலாகப் போட்டுக் காய்ச்சிய கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் மாறி மாறி ருசி பார்த்தோம். "உன்னுடையது உறைப்பு" என்றாள் அவள். "உன்னுடையதுதான் உறைப்பு" என்றேன் நான். அப்போதுதான் அவள், எட்டாம் நாள் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம், சனிக்கிழமை பின்னேரம் நீ வரவேண்டும் என்றாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மச்சாள் சரக்கு எங்கே என்று கேட்க, உள்ளதைச் சொல்லிவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"ஐயோ கடவுளே! துடக்கோடை போய்ப் பிள்ளை பிறந்த வீட்டுக்கை நிண்டனியோ?"

"அவைக்குத் துடக்குக் கிடக்கு ஒண்டும் இல்லை மச்சாள்."

"அவைக்கு இல்லை, உனக்கு இருக்கெல்லோ. பிள்ளையைப் பறிகுடுத்தவள் பேர் வைக்கிற வீட்டுக்குப் போறதோ? நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் உன்ரை கண்ணெண்டுதான் சொல்லுவினம்."

இதை அவர் தன் சொந்தப் புத்தியில் சொல்லவில்லை. எங்கள் சனம் முழுக்க இப்படித்தான். யாருடைய முப்பத்தொன்றுக்கும் இனி என்னைக் கூப்பிடமாட்டார்கள். கூப்பிட்டாலும் நானாக ஒதுங்கிவிட வேண்டும் என்பது எனக்கே தெரியும். சொல்லப்போனால் அவர் சொன்னதை நானும் பாதி நம்பினேன். பச்சைப் பிள்ளைக்கு ஏதும் நடந்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான், வரமாட்டேன் என்று சொல்வதற்கு மேலே ஏறினேன்.

துடக்கு என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னேன். "நான் அழுக்கு" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ குளிக்கவில்லையா?"

"குளித்தேன்."

"அப்படியென்றால்?"

பிள்ளை இறந்தால் எங்களுக்குள் இப்படி, ஒரு மாதத்துக்கு நல்ல காரியங்களுக்குப் போகமாட்டோம், பிறகும் பெயர் வைக்கிற வீட்டுக்கு என்னைப் போன்றவர்கள் வந்தால் கூடாது என்று விளங்கப்படுத்தினேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "எனக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது" என்றாள். "சனிக்கிழமை என் புருஷனுடைய அண்ணன் ஊரிலிருந்து தொலைபேசியில் பேசுவார். அவர்தான் பெயரைச் சொல்வார். அறைக்குள் இருக்கிற ஒவ்வொருவரும் யார் என்று அவருக்குச் சொல்லவேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணை அவளுடைய சொந்தப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த மாட்டோம். இன்னாருடைய அம்மா என்றுதான் சொல்லவேண்டும். உன்னை நான் யாருடைய அம்மா என்று சொல்வது?"

"என் பிள்ளை இறந்துவிட்டதே."

"தெரியும். பெற்றாய்தானே?"

அவள் பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றினாள். இந்தப் பிள்ளை அவளுடைய இறந்துபோன அப்பா என்றாள். அவர்தான் திரும்பி வந்திருக்கிறாராம், நெற்றியைப் பார்த்தாலே தெரிகிறதாம், அதனால் அவருடைய பெயர்தான். தேவாலயத்தில் இப்படிச் சொன்னால் போதகருக்குப் பிடிக்காது, எல்லா வீட்டிலும் இப்படி இல்லை, ஆனால் தங்கள் வீட்டில் இப்படித்தான் என்றாள். "போனவர்கள் வருவார்கள். பெயர் இல்லாமல் அனுப்பிவிட்டால், வரும்போது என்ன சொல்லிக் கூப்பிடுவாய்?"

போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று நான் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. ஆனால் அவள் கேட்டது ஒரு காரியத்துக்கு வேண்டிய கேள்வி. சனிக்கிழமை அவளுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. என்னிடம் ஒன்று இருந்தது. சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அதை இரண்டு தரம் தன் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, சரி, உறைப்பில்லாமல் ஏதாவது சமைத்துக்கொண்டு வா என்றாள்.

கீழே வந்து என் கணவரிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். வெள்ளி இடைவேளையில் அவர் கதிரையில் இருந்தார். நான் எதிரே இருந்தேன். உமக்குத் தெரியாமல் நம் மகளுக்குப் பெயர் வைத்துவிட்டேன் என்று எப்படித் தொடங்குவது? அவர் எழும்பி வேலைக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை உழுந்து வடையோடு மேலே போனேன். சின்ன அறைக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தேவாலயத்தில் பழகியவர்கள், அவளுடைய புருஷனோடு வேலை செய்கிறவர்கள். சோறும் பொரித்த வாழைக்காயும் மணத்தன. கைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்குள் அந்த அண்ணன், வெள்ளை அங்கியோடு, அடிக்கடி உறைந்துபோய் நின்று மறுபடி அசைந்துகொண்டிருந்தார். ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினாள். என் முறை வந்தபோது என் கையைப் பிடித்துக் கைபேசிக்கு முன்னால் இழுத்து, "மாமா" என்று சொல்லி என் மகளுடைய பெயரைச் சொன்னாள். அவர்களிடத்தில் மாமா என்றால் அம்மா. கைபேசிக்குள் இருந்தவர் தலையைக் குனிந்து அதையே திருப்பிச் சொல்லி வாழ்த்தினார். பிறகு அறையில் இருந்தவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். இன்னாருடைய அம்மா, இப்படி இரு. இன்னாருடைய அம்மா, இந்த வடையை எப்படிச் செய்தாய்? முன்பின் தெரியாத சனம், கையில் கோப்பையோடு, ஒரு கூச்சமும் இல்லாமல் என் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. விறைப்பு முழுக்கப் போகவில்லை, ஆனால் கை சுட்டால் சுடுகிறது என்று தெரிகிற அளவுக்கு உணர்ச்சி இருந்தது.

பிள்ளைக்குப் பெயர் சொன்னார்கள். ஒவ்வொருவர் கையாகப் பிள்ளை வந்தது. நான் வாங்கவில்லை, பக்கத்தில் இருந்தவளுக்குத் தள்ளிவிட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. என் கணவர் நின்றார். குசினியில் போடுகிற கட்டம்போட்ட கால்சட்டையோடு, வெங்காய வாசத்தோடு. நான் தொலைபேசியை எடுக்கவில்லை என்றதும் மச்சாள் அவருக்கு எடுத்திருக்கிறார், உன்ரை மனிசி மேலை போயிருக்கிறாள், கூட்டிக்கொண்டு வா என்று. அவர் என்னிடம் "வாரும், கீழை போவம்" என்றார். அதட்டவில்லை. அதட்டுகிற தெம்பு அவரிடம் இல்லை.

நான் எழும்புவதற்குள் அவள் கதவடிக்குப் போய், அவருடைய தோளைத் தட்டி, பெரிய குரலில் "பாப்பா" என்று சொல்லி மகளுடைய பெயரைச் சொன்னாள். பாப்பா என்றால் அவர்களிடத்தில் அப்பா. உள்ளே வா என்றாள். அறை முழுக்க அதையே சொல்லிக் கூப்பிட்டது. இன்னாருடைய அப்பா, உள்ளே வா, சாப்பிடு.

அவர் என்னைப் பார்த்தார். "ஆரின்ரை பேர் இது?" என்று தமிழில், மற்றவர்களுக்குத் தமிழ் விளங்கிவிடும் என்று பயந்தவர் போல மெதுவாகக் கேட்டார்.

"எங்கடை பிள்ளையின்ரை" என்றேன்.

நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன். அக்காவின் பேச்சைக் கேட்டு இல்லை என்று சொன்ன மனிதன், இப்போதும் இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், நான் அவரோடு படியிறங்கிப் போயிருப்பேன், அந்தப் பெயரும் அந்த அறையோடு முடிந்திருக்கும். கைபேசிக்குள் இருந்த பெரியவர் யார் வந்தது, யார் வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கைபேசியை எடுத்து என் கணவருடைய கையில் வைத்து, "நீ யார் என்று சொல்" என்றாள்.

அவர் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தெரிந்த இங்கிலீஷில், எங்கள் மகளுடைய பெயரைச் சொல்லி, நான் அவளுடைய அப்பா என்றார். பெரியவர் அங்கிருந்து ஏதோ வாழ்த்திவிட்டு அடுத்த ஆளைக் கேட்டார். அவள் கைபேசிக்காகக் கையை நீட்டினாள். என் கணவர் கொடுக்கவில்லை. இன்னொரு முறை சொன்னார்.